சுபாவ சர்டிபிகேட்

அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்தில் சர்க்கார் வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் இரண்டு காகிதங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். ஒன்று ஜாதி சர்டிபிகேட். அது தாசில்தார் ஆபீஸில் கிடைக்கும். மற்றது நன்னடத்தைச் சான்று. ஊரில் பெயரெடுத்த யாராவது ஒருவர் அதைக் கைப்பட எழுதித் தர வேண்டும். மலையாளத்தில் அதற்கு ‘சுபாவ சர்டிபிகேட்’ என்று பெயர். தமிழ் பேசுகிற நாங்களும் அப்படியேதான் சொல்வோம். பிறப்பை எழுதித் தர ஓர் ஆபீஸ், சுபாவத்தை எழுதித் தர ஒரு பெரிய மனிதர். முதல் காகிதம் எனக்குச் சிரமமில்லாமல் கிடைத்தது. இரண்டாவது கைக்கு வந்து, பிறகு பறிபோனது. பறித்தவரை நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். அதற்காக நான் வருந்தியதில்லை. வயதாகிவிட்டதால் வருந்துவதுபோல எழுதிவிடுவேனோ என்பதுதான் இப்போது எனக்குள்ள கவலை.

என் அப்பா துணி வெளுப்பவர். நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்து, கரமனை ஆற்றங்கரையில் ஓலை வேய்ந்த வீட்டில் குடியிருந்தோம். ஆற்றில் எங்களுக்கென்று இரண்டு கல் உண்டு. ஆரியசாலையிலும் அதைச் சுற்றியும் இருந்த தமிழ்க் குடும்பங்களின் அழுக்குத் துணி எங்கள் வீட்டுக்கு வரும். வெள்ளையாகத் திரும்பிப் போகும். அப்படிப் போன துணியையும் சில வீடுகளில் வாசலிலேயே தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுப்பார்கள். சின்ன வயதில் அது துணியை மடிக்க எளிதாக இருப்பதற்காக என்று நினைத்திருந்தேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். பிறகு சுருக்கெழுத்துப் படித்தேன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு மாடியில், தமிழ் சுருக்கெழுத்தும் சொல்லிக்கொடுக்கிற இன்ஸ்டிட்யூட் ஒன்று இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நான் யார் மகள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததாக ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. இரண்டு வருடத்தில், பேசுகிறவர் மூச்சு விடுவதற்குள் நான் அவர் சொன்னதை எழுதி முடித்துக் காத்திருப்பேன். தடித்த கோடு, மெல்லிய கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி. காதில் விழுவது கையில் இறங்கிவிடும். நடுவில் மனசுக்கு வேலை இல்லை. இருபத்திரண்டு வயதில் எனக்கிருந்த ஒரே கர்வம் அந்தக் கைதான்.

ஆரியசாலையில் ஒரு வக்கீல் இருந்தார். தொழிலை விட்டு ஓய்வாக இருந்தவர். நாஞ்சில் நாட்டு வேளாளக் குடும்பம். அகலமான நெற்றி, அதில் விபூதி, தோளில் வெள்ளை நேரியல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அங்கிருந்த தமிழ்ச் சங்க மண்டபத்தில் அவர் தொடர் சொற்பொழிவு செய்தார். பொருள் ஒன்றே: வருணம் பிறப்பாலா, குணத்தாலா? அவர் பேச்சைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று வியாபாரிகள் சிலர் ஆசைப்பட்டார்கள். பேசுவதை அப்படியே எழுத ஆள் கேட்டு அவர் மாஸ்டரிடம் வந்தார். மாஸ்டர் என்னை அனுப்பினார்.

முதல் நாள் வக்கீல் என்னைக் கேட்டது இரண்டே கேள்விகள்.

“வீடு எங்க?”

“கரமனையில, சார்.”

“அப்பாவுக்கு என்ன ஜோலி?”

“துணி ஜோலி, சார்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சாலையில் ஜவுளிக்கடை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அது எனக்குப் புரிந்தது. நான் திருத்தவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் பதில் என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஞாயிறு மண்டபத்தில் எழுதுவேன். திங்கள் முதல் புதன் வரை அவர் வீட்டு முன்னறையில், நாற்காலியில் உட்கார்ந்து, சுருக்கெழுத்தை விரித்து நல்ல எழுத்தில் எழுதுவேன். அவர் வந்து வாசித்துத் திருத்துவார். அவர் மனைவியை நான் ஆச்சி என்று அழைத்தேன். பதினொரு மணிக்கு ஆச்சி வெங்கல டம்ளரில் காப்பி கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். “எழுதி எழுதி விரல் நொந்திருக்குமே மோளே” என்பார். அடுக்களையில் போய்த் தண்ணீர் குடிக்கும் அளவுக்கு அந்த வீட்டில் பழகிவிட்டேன்.

வக்கீல் நன்றாகப் பேசினார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவள். பிறப்பால் எவனும் உயர்ந்தவன் இல்லை. பொறுமையும் சத்தியமும் எவனிடத்தில் இருக்கிறதோ அவனே அந்தணன். அது இல்லாதவன் எந்தக் கர்ப்பத்தில் பிறந்து எந்த நூலைப் போட்டிருந்தாலும் அந்தணன் இல்லை. இதை அவர் சாத்திரத்திலிருந்தும் தர்க்கத்திலிருந்தும் சொல்வார். கடைசியில் தன் வாழ்க்கையிலிருந்து சொல்வார். பத்து வயதில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாராம். தெரியாமல் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். இலையில் பரிமாறிய பிறகு ஒருவர் வந்து காதைப் பிடித்துத் தூக்கி, இலையையும் இழுத்து வெளி முற்றத்தில் போட்டார். பாயசம் மண்ணில் ஓடியது. ‘மண்ணில் ஓடின பாயசத்தை நாய் நக்கியது. நாய்க்கு ஜாதி கேட்கவில்லை’ என்று நிறுத்துவார். வியாபாரிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முதல்முறை கேட்டபோது என் நோட்டில் ஒரு சொட்டு விழுந்து கோடு கலைந்தது. இவர் நம்முடைய ஆள் என்று நினைத்தேன்.

ஆறு வாரம் கழித்து, செக்ரட்டேரியட்டில் சுருக்கெழுத்தர் வேலைக்கு விளம்பரம் வந்தது. சுபாவ சர்டிபிகேட்டை நான் கேட்காமலே அவர் எழுதித் தந்தார். இங்கிலீஷில் எட்டு வரி. நல்ல குடும்பத்தில் பிறந்தவள், சத்தியம் தவறாதவள், அடக்கமுள்ளவள், என் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊதி உலர்த்தித் தந்தார். வீட்டில் அப்பாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். “நல்ல குடும்பம்னா எழுதியிருக்காரு?” என்று கேட்டார். இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார்.

அந்த வீடும் அப்பா துணி எடுக்கிற வீடுகளில் ஒன்று. நான் அங்கே வேலைக்குப் போன அன்றே அவர் சொல்லியிருந்தார்: “நான் அந்தத் தெருவுக்குச் சனிக்கிழமைதான் போவேன் மக்ளே. நீ ஒண்ணும் பேடிக்காத.” எனக்குச் சங்கடம் வரக் கூடாதென்று அவராகவே செய்த ஏற்பாடு அது. நானும் அதை மறுக்கவில்லை.

சொற்பொழிவின் நிறைவு விழா நெருங்கியது. ஓய்வுபெற்ற ஜட்ஜி ஒருவர் தலைமை வகிக்க ஒப்புக்கொண்டிருந்தார். அதைப் பற்றிப் பேச அவர் வக்கீல் வீட்டுக்கு ஒருநாள் வருவதாக இருந்தது. நல்ல வேட்டிகள் அவசரமாக வேண்டுமென்று ஆச்சி ஆளனுப்பியிருக்கிறார். அதனால் அந்தப் புதன்கிழமை காலையில் அப்பா வந்தார்.

பக்கவாட்டு வாசலில் நிழல் தட்டியது. தலையில் மூட்டையோடு அப்பா நின்றார். நான் நாற்காலியில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் கண்கள் ஒருமுறை சந்தித்தன. அவர் உடனே பார்வையை விலக்கி, அந்நிய வீட்டுப் பெண்ணைப் பார்த்தவர்போல ஒதுங்கி நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். எழுத ஒன்றும் இருக்கவில்லை. முன்பே எழுதிய வரியின் மேலேயே எழுதினேன்.

“அங்கேயே வை. தொடாத” என்றார் ஆச்சி. செம்பிலிருந்து தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

“ஆட்டும் ஆச்சி” என்றார் அப்பா. போய்விட்டார்.

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து உள்கூடத்து வாசலில் போய் நின்றேன். வக்கீல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆச்சி பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“சார், இப்ப துணி கொண்டுவந்தது என் அப்பா.”

பேப்பர் கீழே இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார், காலிலிருந்து தலை வரை, புதிதாக. பிறகு சிரித்தார். “ஓ. அதுக்கென்ன. சாரமில்லே. போய் எழுது.”

போய் உட்கார்ந்தேன். மனம் லேசாகிவிட்டது. இப்படிப்பட்ட மனிதரிடம் இத்தனை வாரம் மறைத்தோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினேன். கையில் பென்சில் இருந்தது. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். ஆனால் தாழ்ந்த குரலை எழுதத்தான் எனக்குப் பயிற்சி தந்திருந்தார் மாஸ்டர்.

“நம்ம வண்ணானுக்க மோளா? எனக்க கையால காப்பி கொடுத்தேனே! அடுக்களை வரைக்கும் வந்திரிக்காளே!”

“மெதுவா பேசு. புஸ்தகம் முடியட்டும். அவ எழுதினது அவளுக்குத்தான் செரியா வாசிக்கத் தெரியும்.”

“நீங்கதானே மேடையில பிறப்பு இல்லே, குணம்தான்னு சொல்லுகியோ?”

“அது மேல இருக்கிறவனுக்குச் சொல்லுகது. நம்மளக் கீழ வச்சவனுக்கு. இதுகளுக்கா சொன்னேன்? குணம்னா என்ன, கடையில விக்குதா? பரம்பரையா வாறது. வண்ணானுக்க ரத்தத்துல குணம் எங்கேருந்து வரும்? பாத்தியா, துணி ஜோலின்னு சொல்லி ஏமாத்திப்போட்டா. அதான் ஜாதிப் புத்தி.”

“அந்த டம்ளரை என்ன செய்ய?”

“வெளிய எடுத்து வை. அவளுக்குன்னு ஆகட்டும்.”

பேச்சு நின்றது. நான் நோட்டைப் பார்த்தேன். ஒரு பக்கமும் அடுத்த பக்கத்தில் நாலு வரியும் நிறைந்திருந்தன. ஒரு கோடுகூட நடுங்கியிருக்கவில்லை. அழுகை வரவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையில் கத்தி கிடைத்தவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை முன்னறையில் நாற்காலி இல்லை. பின்பக்கம், விறகு அடுக்கியிருந்த சாய்ப்பில் ஒரு பலகை போட்டிருந்தார்கள். “இங்க நல்ல காத்து வரும்” என்றார் வக்கீல். பதினொரு மணிக்குக் காப்பி வந்தது. ஆச்சி அதே வெங்கல டம்ளரைத் தரையில் வைத்து, விரலை இழுத்துக்கொண்டார். நான் குடிக்கவில்லை. ஈ விழுந்து மிதந்தது.

சாயங்காலம் வக்கீல் வந்தார். “அன்னைக்குத் தந்த கடலாஸைக் கொண்டா. ஒரு திருத்தம் இரிக்கு.”

நான் அவரை நம்பி, மறுநாள் அதைக் கொண்டுபோனேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் கொண்டுபோனேன். அவ்வளவையும் காதால் கேட்டு எழுதிய பிறகும், அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் அதை வாங்கி, மெதுவாக நான்காகக் கிழித்து, பையில் போட்டுக்கொண்டார்.

“ஆளைத் தெரியாம எழுதிக்கொடுத்தா எனக்க பேருக்குத்தான் கேடு” என்றார்.

“சார், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என் சுபாவம் மாறிப்போச்சா?”

“நீ துணி ஜோலின்னு சொன்னே.”

“துணி ஜோலிதான் சார்.”

அவர் முகம் சிவந்தது. “இந்த வாய்தான் காட்டிக்கொடுக்குது. புஸ்தகம் முடிச்சுத் தா. பின்னே பாப்போம்.”

மனுப் போடக் கடைசி நாள் இரண்டு வாரத்தில் இருந்தது. அது வந்தது, போனது. வேறொருவரிடம் கேட்டிருக்கலாம். என்னைத் தெரிந்த பெரிய மனிதர் வேறு யாரும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் துணியைத் தெரிந்தவர்கள்தான் இருந்தார்கள்.

நான் வேலையை விடவில்லை. விட்டிருந்தால் அவருக்கு வசதியாகப் போயிருக்கும். சாய்ப்பில் உட்கார்ந்து எழுதினேன். அவர் சொற்பொழிவில் அங்கங்கே சொற்களை மாற்றி, அவரை முட்டாளாக்கிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். செய்யவில்லை. பிழை கண்டால் அதற்கும் ஜாதிப் புத்தி என்பார். அதனால் என் வாழ்நாளில் அதுவரை எழுதாத அழகான எழுத்தில், கால் புள்ளி தவறாமல் எழுதிக்கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாக வாசித்து, “கை மட்டும் நல்ல கை” என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

நிறைவு விழாவின் நோட்டீஸ் ஆச்சி காப்பியைக் கையில் கொடுத்த காலத்திலேயே அச்சாகிவிட்டது. அதில் தலைமையுரைக்கு முன்னால் ஒரு வரி இருந்தது: ‘சுருக்கெழுத்திலிருந்து வாசித்துக் காட்டல்’. தமிழில் சுருக்கெழுத்து என்பதே அப்போது பலருக்கு வேடிக்கை. மாஸ்டர் கேட்டுக்கொண்டதால் வக்கீல் ஒத்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் மாஸ்டரைக் கூப்பிட்டு, “நீரே வாசிச்சிரும், போதும்” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“அவ எழுதினதை என்னால எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடியும் சார். மேடையில கடகடன்னு வாசிக்க எழுதின ஆளே வேணும்” என்றார் மாஸ்டர். “ஏன், ஏதும் விஷயம் உண்டா?”

வக்கீல் என்னைப் பார்த்தார். காரணத்தை அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்து வாரப் பேச்சும் மண்ணில் ஓடும். “ஒண்ணுமில்லே. அஞ்சு நிமிஷம். அந்தப் பாயசப் பாகத்தை வாசிக்கட்டும்” என்றார்.

அதன்பின் தினமும் விடிந்ததும் ஆற்றில் எங்கள் கல்லுக்கு அப்பால் போய் நின்று, அந்த ஒன்றேகால் பக்கத்தை உரக்க வாசித்துப் பழகினேன். முதல் நாட்களில் ‘ரத்தத்துல’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஆறாம் நாள் உடையவில்லை. அம்மா துணி அடித்துக்கொண்டே, “எவரைத் திட்டுக?” என்று கேட்டாள். “பாடம்” என்றேன்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. வியாபாரிகள், கணக்கர்கள், வாத்தியார்கள். ஒரு பக்கம் பெண்கள், அவர்களுக்கு முன்னால் ஆச்சி. ஜட்ஜி நடுநாற்காலியில். அவர் வக்கீலைப் பந்தியிலிருந்து தூக்கிப் போட்டவர்களின் ஜாதி. அவரைத் தலைமைக்கு அழைத்ததே வக்கீலுக்கு ஒரு வெற்றி. அன்று வக்கீல் போட்டிருந்த நேரியலை அப்பா முந்தினநாள் வெளுத்துக் கொடுத்திருந்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். ஏறினேன். நோட்டைத் திறந்து பாயசப் பகுதியை வாசித்தேன். அவர் பேசியதைவிட நன்றாக வாசித்தேன் என்று நினைக்கிறேன். நாய்க்கு ஜாதி கேட்கவில்லை என்ற இடத்தில் கைதட்டினார்கள். வக்கீல்கூடத் தலையசைத்தார். அவர் முகத்தில் நிம்மதி வந்தது. நான் காத்திருந்தது அந்த நிம்மதிக்குத்தான்.

பக்கத்தைத் திருப்பினேன். “அடுத்தது, இதே பெரியவர் ஒரு புதன்கிழமை காலையில் தன் வீட்டில் பேசியது. துணி கொண்டுவந்த என் அப்பா திரும்பிப் போன பிறகு” என்று சொல்லிவிட்டு வாசித்தேன். ஆச்சி பேசியதை ஆச்சியின் இழுவையிலும், அவர் பேசியதை அவர் கனத்திலும் வாசித்தேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ‘அவளுக்குன்னு ஆகட்டும்’ என்பது வரை வாசித்து நோட்டை மூடினேன்.

பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரித்தார். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“பொய்!” என்று எழுந்தார் வக்கீல். “இது இவ உண்டாக்கினது!”

“மாஸ்டர் வாசிக்கட்டும்” என்று நோட்டை நீட்டினேன். என் மாஸ்டர் ஆரியசாலைக்காரர்களை நம்பிப் பிழைத்தவர். அவர் வந்து, கண்ணாடியை மாட்டி, பக்கத்தைப் பார்த்தார். எழுத்துக்கூட்டினார்: “மேல... மேல இருக்கிறவனுக்குச்... சொல்லுகது...” நிறுத்திவிட்டார். நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். ஆச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

ஜட்ஜி தலைமையுரையை இரண்டு வரியில் முடித்தார். “பிறப்பு முக்கியம்தான் என்று நம் நண்பரும் ஒப்புக்கொண்டிருக்கிறார், எனக்கு வேலை மிச்சம்” என்றார். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு கசந்தது. நான் தீட்டிய கத்தியை அவரும் எடுத்து ஒரு வெட்டு வெட்டிக்கொண்டார். வக்கீல் நேரியலை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். அவசரப்படாமல் பார்த்தேன். பத்து வயதுப் பையனின் முகம் அதில் தெரிந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. பயந்துபோன ஒரு கிழவர் தெரிந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

புத்தகம் வெளிவரவில்லை. அவர் மறுபடி எந்த மேடையிலும் ஏறவில்லை. சாலைக் கடைகளில் ‘அது மேல இருக்கிறவனுக்குச் சொல்லுகது’ என்பது பேச்சுவழக்காகிவிட்டது. எடை போடுகிறவன் கல்லைக் கூட்டிக் குறைத்தால்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த வாரமே அப்பாவுக்கு ஏழு வீடுகள் போயின. “இனி வேண்டாம்” என்று மட்டும் சொன்னார்களாம். சனிக்கிழமை அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். நான் எதிர்பார்த்திருந்தேன், பதிலும் வைத்திருந்தேன்.

“நீ வாசிச்சது செரிதான் மக்ளே” என்றார். “ஏழு வீடு போனா வேற வீடு வரும். ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு என்னைக் கண்டதும் நீ தலையைக் குனிஞ்சியே, அதை நோட்டுல எங்க எழுதி வச்சிருக்க?”

எதிர்பார்த்திருந்த கேள்வி அதுவல்ல. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. வக்கீல் மேல் எனக்கிருந்த ஆத்திரம் அன்று இரட்டிப்பாயிற்று. என்னை அப்படிக் குனியவைத்த நாற்காலி அவருடையது என்று நினைத்தேன். அது முழு நியாயமல்ல. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஆச்சி ஆற்றங்கரைக்கு வந்தார். ஈரக் கல்லில் கால் வழுக்க வழுக்க நடந்து, அம்மா துணி அடிக்கும் இடத்துக்கு வந்து நின்றார். எங்கள் வீட்டு வாசலை அவர் பார்த்தது அதுதான் முதல்முறை.

“அந்த நோட்டுல உள்ள கடலாஸைக் கிழிச்சுத் தா மோளே. அவர் உறங்குகதில்லே. அது உனக்க கையில இரிக்கும்வரை உறங்க மாட்டார்.”

“சார் கிழிச்ச கடலாஸைக் கொண்டாங்க ஆச்சி. ஒட்டித் தந்தாலும் போதும். இதைத் தாறேன்.”

அவர் ஆற்றைப் பார்த்தார். “நாப்பது வருஷத்துல அவர்கிட்ட நான் கேட்ட ஒரே கேள்வி அதாக்கும். மேடையில அப்படிச் சொல்லுகியோன்னு கேட்டது. அதையும் நீ ஊருக்கு வாசிச்சே. நான் கேட்டதால்தான் அப்படிப் பேச வந்துதுன்னு இப்ப என்கிட்ட வாய் தொறந்து மிண்டுகதே இல்லே.”

அந்தக் கேள்வி நல்ல கேள்வி என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்டிராவிட்டால் எனக்கு இது தெரியவே வந்திருக்காது என்று நன்றி சொல்லியிருக்கலாம். என் கண்ணுக்கு முன்னால் தரையில் வைத்த டம்ளரும் அதில் மிதந்த ஈயும் நின்றன.

“துணி நனையும் ஆச்சி, தள்ளி நில்லுங்க” என்றேன்.

அவர் போனார். அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் துணியை ஓங்கி அடித்தாள். “வீடு தேடி வந்த பொம்பளை” என்று மட்டும் சொன்னாள்.

இன்ஸ்டிட்யூட்டில் சில பெற்றோர் முணுமுணுத்தார்கள். மாஸ்டர் என்னை வர வேண்டாமென்று சொல்லவில்லை. நானே போவதை நிறுத்திக்கொண்டேன். அடுத்த வருடம் மறுபடி விளம்பரம் வந்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையிடம் சுபாவ சர்டிபிகேட் கேட்டேன். விஷயம் அவருக்கும் தெரியும். ஒரே வரி எழுதினார்: ‘கேட்டதைக் கேட்டபடி எழுதுவாள்.’ அந்த வரி தேர்வுக்குழுவுக்குப் போதுமாயிருந்தது. வேலை கிடைத்தது.

செக்ரட்டேரியட்டிலிருந்து கரமனைக்கு வர நேரான வழி இருந்தது. நான் ஆரியசாலை வழியாகச் சுற்றி நடந்தேன். ஐந்தரை மணிக்கு வக்கீல் கோவிலுக்குப் புறப்படுவார் என்று எனக்குத் தெரியும். தூரத்தில் என்னைக் கண்டதும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஐப்பசியில் ஒரு துலாவர்ஷ மழையில் குடைகூட இல்லாமல், நிரம்பி ஓடிய ஓடையைத் தாண்டி, வேட்டி முழங்கால் வரை நனைய எதிர்ப்பக்கம் போனார். நான் என் பக்கத்தில், என் வேகத்தில் நடந்தேன். இப்படி மூன்று வருடத்துக்கு மேல், வாரத்தில் ஐந்து நாள். ஒரு நாளும் அவரிடம் பேசியதில்லை, முறைத்ததில்லை. நடந்தேன், அவ்வளவுதான்.

ஐம்பத்தாறில் எல்லை பிரிந்து, நாஞ்சில் நாட்டுத் தாலுகாக்கள் மதராஸ் பக்கம் போயின. அவர் வீட்டை விற்றுவிட்டு ஆச்சியோடு நாகர்கோவிலுக்குப் போய்விட்டதாக மாஸ்டர் சொன்னார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என்னைக் கண்டு தெருவைக் கடக்கிற மனிதர் அந்த ஊரில் இனி ஒருவர்கூட இல்லை. மேலும் ஒரு வாரம் அந்தச் சுற்று வழியிலேயே நடந்து பார்த்தேன். பிறகு கால் வலித்தது. நேர் வழியில் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.